தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

என் தாயார் இரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்த நாளில், சென்னையில் உள்ள எங்கள் வீட்டின் கிழக்குப் பார்த்த பால்கனியில் ஏழு பிகோனியாத் தொட்டிகள் இருந்தன. ஐந்து வாரங்கள் கழித்து அவர் வீடு திரும்பியபோது எஞ்சியிருந்தவை மூன்று. மற்ற நான்கையும் சாகடித்தவன் நான். தண்ணீர் ஊற்ற மறந்ததனால் அன்று. ஒரு நாளும் மறவாமல் ஊற்றியதனால்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த அந்நாட்களில் என்னால் செய்ய முடிந்த காரியங்கள் மிகச் சில. மருந்தின் அளவைத் தீர்மானிப்பது என் கையில் இல்லை. இரத்த அணுக்களின் எண்ணிக்கையை உயர்த்துவதும் என் கையில் இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். ஆகவே காலையில் புறப்படுமுன் ஒரு செம்பு, இரவு திரும்பியதும் ஒரு செம்பு என்று ஊற்றினேன். மூன்றாம் வாரத்தில் இலைகள் தொங்கின. தாகம் என்று எண்ணி மேலும் ஒரு செம்பு ஊற்றினேன். தண்டுகள் அடிப்பக்கம் கருத்து, கை பட்டதும் குழைந்து விழுந்தன.

பிகோனியா வளர்ப்பைப் பற்றி இச்செய்திமடலுக்கு எழுதும்படி கேட்கப்பட்டபோது, அந்த நான்கு தொட்டிகளிலிருந்து தொடங்குவதே நேர்மை என்று தோன்றியது. வார்டுக்கு வெளியே என்னோடு காத்திருந்தவர்களிடம் இதைச் சொன்னபோது, தம் வீட்டிலும் இப்படித்தான் ஆயிற்று என்று சிலர் சொன்னார்கள்.

பாறையில் வளரும் செடி

பிகோனியா ஒரு தனிச்செடியின் பெயர் அன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் வெப்பமண்டலக் காடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். பிரெஞ்சுத் துறவியும் தாவரவியலருமான சார்லஸ் பிலூமியே, தம்மை ஆதரித்த மிஷேல் பெகோன் (1638–1710) என்ற அரசு அதிகாரியின் பெயரை இதற்குச் சூட்டினார். பெகோன் கரீபியத் தீவுகளில் பணியாற்றியவர். பெயர் வெளிநாட்டினது எனினும் செடி நமக்கு அயலன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான ஓடைக்கரைகளிலும், இலங்கையின் காடுகளிலும் பிகோனியா மலபாரிக்கா என்ற இனம் இளஞ்சிவப்புப் பூக்களோடு தானாகவே வளர்கிறது. நாற்றுப்பண்ணைகளில் வெள்ளி, ஊதா, செம்மை என்று பல நிறங்களில் சுருண்டு மின்னும் இலைகளோடு விற்கப்படும் ரெக்ஸ் வகைகளின் மூதாதையும் இந்தியாவின் வடகிழக்கு மலைகளைச் சேர்ந்ததே. 1857-இல் அது அறிவியல் பெயர் பெற்றது.

ஏதேனும் ஒரு பிகோனியாவின் இலையை எடுத்து நடுநரம்பின் வழியே மடித்துப் பாருங்கள். இரு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கும். இக்குடும்பத்தை அடையாளம் காண எளிய வழி இது. பூக்களிலும் ஒரு தனித்தன்மை உண்டு. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாகப் பூக்கும். இதழ்களுக்குப் பின்னால் மூன்று சிறகுகள் கொண்ட சிறு பை இருந்தால் அது பெண் பூ. ஆண் பூக்கள் முதலில் விரிந்து முதலில் உதிர்ந்துவிடும். தரையெங்கும் பூ உதிர்ந்து கிடப்பதைக் கண்டு, செடிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கவனித்துக்கொள்வோர் கலங்குவது வழக்கம். நானும் கலங்கியிருக்கிறேன். அது செடியின் இயல்பேயன்றி நோயன்று.

இச்செடியின் பிறப்பிடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறை பெரும்பாலும் தானே விளங்கிவிடும். காட்டில் பல பிகோனியாக்கள் ஆழமான மண்ணில் நிற்பதில்லை. பாறை இடுக்கிலும், ஓடையோரச் சரிவிலும், மக்கிய இலைகள் விரற்கடை அளவுக்குப் படிந்திருக்கும் இடத்திலும் வேர் பற்றுகின்றன. மழை அடிக்கடி பெய்யும். ஆனால் பெய்த நீர் நிற்காது, வழிந்தோடிவிடும். மெல்லிய வேர்களுக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும். தலைக்கு மேலே பெருமரங்களின் நிழல். ஆகவே வீட்டில் நாம் அமைத்துத் தரவேண்டியவை மூன்று: நீர் தங்காத மண், மிதமான வெளிச்சம், அனலற்ற ஈரக்காற்று.

நிழலில் வாழ்வதற்கு இக்குடும்பம் எவ்வளவு தூரம் பழகியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று. மலேசியக் காடுகளின் அடர்நிழலில் வளரும் பிகோனியா பவோனினாவின் இலை, மயில் கழுத்தைப் போல் நீலமாக மின்னும். 2016-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அந்த நீலத்தின் காரணத்தை வெளியிட்டார்கள். இலையின் மேற்பரப்பில் உள்ள பசுங்கணிகங்களுக்குள் நுண்ணிய அடுக்குகள் மிகச் சீராக அமைந்துள்ளன. அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, நிழலில் கிடைக்கும் பச்சை, சிவப்பு ஒளியைக் கூடுதலாகப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. இவ்வளவு சொற்ப ஒளியையும் வீணாக்காத ஒரு குடும்பத்தைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எதை வாங்குவது, எங்கே வைப்பது

சமவெளியில் இருப்பவர்கள் முதன்முறையாக வாங்குவதாயின், மூங்கிலைப் போல் கணுக்கணுவாக நிமிர்ந்து வளரும் வகையையே நான் பரிந்துரைப்பேன். நாற்றுப்பண்ணைகளில் அதை ஏஞ்சல் விங் என்பார்கள். நீண்ட, சாய்ந்த, சிறகு போன்ற இலை. பலவற்றில் வெள்ளிப் புள்ளிகள். கொத்தாகத் தொங்கும் பூ. எங்கள் வீட்டில் உயிர் தப்பிய மூன்றில் இரண்டு இந்த வகைதான். பிரேசிலைச் சேர்ந்த பிகோனியா மாக்குலேட்டா என்னும் புள்ளியிலைச் செடியும் இக்கூட்டத்தைச் சார்ந்ததே.

மெழுகு பிகோனியா என்பது சிறிய, பளபளப்பான இலைகளோடு பாத்திகளில் நடப்படும் வகை. ஐப்பசி முதல் மாசி வரை நன்றாகப் பூக்கும். கோடையில் பெரும்பாலும் மடிந்துவிடும். ஒரு பருவத்துச் செடி என்று கருதி வாங்கினால் ஏமாற்றமில்லை. ரெக்ஸ் வகை மிக அழகானது. அதே அளவுக்கு முரண்டு பிடிப்பது. கோவை, ஓசூர் போன்ற மிதமான ஊர்களில் முயலலாம். சென்னையிலும் மதுரையிலும் மே மாதத்தைக் கடத்துவது கடினம். ரோஜாவைப் போல் அடுக்கிதழ்களோடு பூக்கும் கிழங்கு பிகோனியாவை உதகையிலோ கொடைக்கானலிலோ கண்டு மகிழ்ந்துவிட்டு வருவதே நல்லது. அதன் முன்னோர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்தவர்கள். கீழே கொண்டுவந்தால் தாங்கா.

பொதுவாக 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் பிகோனியாவுக்கு உகந்தது. நம் ஊர் அதைவிடச் சூடானது என்பதால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை எட்டரை மணி வரை வரும் வெயில் நல்லது. வடக்குச் சன்னலும் பொருந்தும். மேற்குப் பக்கம் வேண்டா. வேறு வழியில்லையெனில் நிழல்வலை கட்டுங்கள். குளிர்சாதனக் கருவியின் காற்று நேரே படும் இடத்தில் இலை ஓரங்கள் பொரிந்து காகிதம் போலாகும். வெளிப்பெட்டி அனல் கக்கும் இடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டா. காற்றில் ஈரம் வேண்டும் என்பதற்காக இலைகளின்மீது நீர் தெளிப்பவர்கள் உண்டு, தெளிக்காதீர்கள். நனைந்த இலையில் புள்ளிநோயும் அழுகலும் எளிதில் வரும். செடிகளை ஒன்றோடொன்று நெருக்கமாக, ஆனால் இலைகள் உரசாமல் வைத்தாலே அவற்றுக்கிடையே ஈரக்காற்று தங்கும்.

நீரும் வேரும்

இனி, நான் செய்த பிழைக்கு வருகிறேன். ஆரோக்கியமான தொட்டி மண்ணில் துகள்களுக்கிடையே எண்ணற்ற சிறு இடைவெளிகள் இருக்கும். நீர் ஊற்றியதும் அவை நிரம்பும்; பின் நீர் வடியவடியக் காற்று உள்ளே புகும். வேரும் மூச்சு விடுவதற்கு அந்தக் காற்று தேவை. இடைவெளிகள் எப்போதும் நீரால் அடைபட்டிருந்தால் வேர் மூச்சுத்திணறி நலிவடையும். நலிந்த வேரைப் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் தாக்கி அழுக வைக்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. எனவே, நீரில் நின்றுகொண்டே செடி வாடும்.

இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. தாகத்தால் வாடிய இலையும் வேர் அழுகி வாடிய இலையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு மண்ணில் இருக்கிறது. மண் காய்ந்து இலை தொங்கினால் தாகம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் வேருக்கு ஆபத்து. இரண்டாவது நிலையில் ஊற்றும் ஒவ்வொரு செம்பும் தீங்கே செய்யும்.

தாயார் வீடு திரும்பியதும் செடிகளை அவருடைய அறையில் வைக்கக் கூடாது, மண்ணை அவர் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எஞ்சிய மூன்று தொட்டிகளை அவருடைய படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே ஒரு பலகையின்மேல் வைத்தேன். கண்ணாடி மூடியே இருந்தது. மறுநாள் காலையில் நான் செம்போடு வெளியே போய் நின்றபோது என் கைபேசி ஒலித்தது. உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி அம்மாதான் அழைத்தார்.

"செம்பைக் கீழே வை. முதல்ல தொட்டியைத் தூக்கிப் பாரு."

தூக்கினேன். கனமாக இருந்தது.

"கனமா இருக்கா? அப்ப உள்ள தண்ணி இருக்கு. போயிடு. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் கனமாகவே இருந்தது. அடுத்த நாளும். நான்காம் நாள் காலையில் தொட்டி சட்டென்று கையோடு வந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக்கைத் தூக்குவது போல். அப்போதுதான் ஊற்றச் சொன்னார். அடித்துளை வழியாக நீர் வடியும்வரை நன்றாக ஊற்றி, மீண்டும் இலகுவாகும்வரை விட்டுவிட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது இருவகையிலும் கெடுதல்: மேல்மண் எப்போதும் சேறாக இருக்கும், அடிமண் வறண்டு கிடக்கும். செடிகள் எதிலும் நான் ஓரளவு கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். மருந்து நேரங்களைக் குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'கனம்', 'இலகு' என்று நாள்தோறும் எழுதிவந்தேன். கோடையில் இரண்டு நாளுக்கொரு முறை இலகுவாயிற்று. ஐப்பசி மழையில் எட்டு நாள், பத்து நாள்கூட ஆயிற்று. இத்தனை நாளுக்கொரு முறை ஊற்றுங்கள் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் அதை நம்பாதீர்கள்.

வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை முடிந்தவர்களும், பாரம் தூக்கக் கூடாதென்று அறிவுறுத்தப்பட்டவர்களும் தொட்டியைத் தூக்க வேண்டா. ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை மண்ணில் இரண்டு அங்குலம் செருகிச் சற்று நேரம் கழித்து எடுங்கள். ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் காத்திருக்கலாம். தொட்டியும் சிறிதாகவே இருக்கட்டும். ஐந்து அல்லது ஆறு அங்குலத் தொட்டி போதும். சிறு செடியைப் பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கிக் கெடும்.

மண்கலவைக்குச் செம்மண் வேண்டா, அது இறுகிவிடும். தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிய இலையுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பருமணலோ பெர்லைட்டோ உடைத்த செங்கற்பொடியோ ஒரு பங்கு என்று கலந்தால் போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை ஊற்றாதீர்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. நீரில் கரையும் சமச்சீர் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை கொடுக்கலாம். அக்கினி நட்சத்திர நாட்களில் உரமும் வேண்டா, தொட்டி மாற்றுவதும் வேண்டா. செடி அப்போது பிழைத்திருப்பதே பெரிது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும் என்பது ஒருபுறம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய தேங்கிய நீரில்தான் என்பது மறுபுறம். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நோயாளி இருக்கும் வீட்டில் இதற்கு இடங்கொடுக்கலாகாது. தரை நனையாமலிருக்கத் தட்டு வேண்டியே தீருமென்றால், ஊற்றிய அரைமணி நேரத்தில் அதைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி வையுங்கள்.

பூச்சி, நோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணுக்களில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. பஞ்சுக்குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டால் செத்துவிடும். நம்மில் பலர் வீட்டில் அந்தப் புட்டி ஏற்கெனவே இருக்கும். மார்கழிக் குளிரில் இலைமேல் மாவு தூவியது போல் தோன்றுவது சாம்பல் நோய். அவ்விலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

யார் தொடலாம், யார் தொடலாகாது

இம்மடலின் வாசகர்கள் இப்பகுதியை மட்டுமாவது முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

மண்ணிலும் மக்கிய உரத்திலும் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் நுண்வித்துகள் இயல்பாகவே உள்ளன. நலமாக உள்ளவர்கள் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறார்கள், ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்களுக்கும், எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், உறுப்பு மாற்றத்துக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் அதே வித்துகள் நுரையீரலில் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடும். இவர்கள் மண்ணைக் கிளறலாகாது. தொட்டிச் செடியையும் பூங்கொத்தையும் அறைக்குள் வைத்துக்கொள்ளலாகாது. பூச்சாடியில் நாட்பட்ட நீரிலும் கிருமிகள் பெருகும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூக்களை அனுமதிக்காததன் காரணம் இதுவே. காவலரிடம் கோபித்துப் பயனில்லை. இத்தடை எத்தனை மாதங்கள் என்பது ஒவ்வொருவருக்கும் மாறுபடும். அதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் செடி வளர்க்கலாம். ஆனால் வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்க வேண்டா. கையில் காலில் புண் இருக்கும்போது ஈர மண்ணைத் தொட வேண்டா. மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி மண்ணிலும் நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் அதிகம் பரவுவது. நீரிழிவு உள்ளவர்களைக் கூடுதலாகத் தாக்குவது. ரப்பர் கையுறை, மூடிய செருப்பு, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுதல் ஆகியவை போதிய காப்பைத் தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. பல பிகோனியாக்களுக்கு மணமே கிடையாது. ஆயினும் பழைய மண்ணைக் கொட்டிக் கலக்கும் தூசியைப் பிறர் கையில் விட்டுவிடுங்கள். முதியோர் நடக்கும் வழியில் தொட்டி வைத்து நீர் வடியவிடுவது, வழுக்கி விழ நாமே வழிசெய்வதாகும்.

பிகோனியாவின் இலையும் தண்டும் புளிக்கும். அந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலத்தினால் வருவது. வேரிலும் கிழங்கிலும் அது மிகுதி. வாயில் வைத்தால் எரிச்சலும் வீக்கமும் தோன்றும். நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும், யாரோ கைமருந்து என்று சொன்னார்கள் என்பதற்காக இதைச் சுவைத்தும் பார்க்காதீர்கள். தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இவ்வளவு தடைகளைக் கேட்டபின், நோயாளி உள்ள வீட்டுக்குச் செடி எதற்கு என்று தோன்றலாம். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். மறுபாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே செங்கற்சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேரை வைத்துப் பெரிதாக எதையும் முடிவுகட்ட இயலாது. செடி நோயைத் தீர்க்கும் என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். எனினும் அந்த மரங்கள் அறைக்குள் இருக்கவில்லை, கண்ணாடிக்கு அப்பால்தான் இருந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன். எங்கள் சன்னலுக்கு வெளியே இருந்த மூன்று தொட்டிகளும் அப்படியே.

ஓர் இலையிலிருந்து

அழிந்த நான்கில் ஒன்று ரெக்ஸ் வகை. இருபது ஆண்டுகளுக்கு முன் உதகையிலிருந்து அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்த செடியின் வழிவந்தது. மூன்று கோடைகளில் அது செத்து, மூன்று முறையும் ஒரே ஓர் இலையிலிருந்து அவர் அதை மீட்டிருக்கிறார். இம்முறை மிஞ்சியது கருகாத ஓர் இலை. அதை நான் குப்பையில் போடப்போனபோது மறுபடியும் கைபேசி ஒலித்தது.

அவர் சொல்லச்சொல்ல நான் செய்தேன். முற்றாததும் மிக இளையதுமல்லாத இலையைக் காம்போடு எடுத்து, காம்பை ஓர் அங்குலம் விட்டு நறுக்க வேண்டும். இலையைக் கவிழ்த்து, தடித்த நரம்புகள் பிரியும் இடங்களில் ஐந்தாறு வெட்டுகள், சுத்தமான பிளேடால். பிறகு அலசிய நார்க்கழிவும் மணலும் சமமாகக் கலந்த ஆழமற்ற தட்டில் காம்பைச் செருகி, இலையை நிமிர்த்திப் பரப்பி, வெட்டிய இடங்கள் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி சிறு கற்களை மேலே வைக்க வேண்டும். ஒளி புகும் மூடியால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். உட்புறம் நீர் முத்து அதிகமாகக் கோத்தால் மூடியைச் சிறிது நேரம் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். தண்ணீர் மேற்கொண்டு ஊற்ற வேண்டியதில்லை என்பதை இரண்டு முறை சொன்னார்.

நிமிர்ந்து வளரும் வகையை இதைவிட எளிதாகப் பெருக்கலாம். ஆடி மாதத்தில், அனல் தணிந்தபின், இரண்டு மூன்று கணுக்கள் உள்ள போத்தை வெட்டி அடியிலையை நீக்கி நட்டால் சில வாரங்களில் வேர்விடும். தாய்ச்செடியும் வெட்டிய இடத்தில் கிளைத்து அடர்த்தியாகும். ஆனால் இலையிலிருந்து செடி முளைப்பதைக் காணும் வியப்பு அதில் இல்லை. ஆறாம் வாரத்தில், வெட்டிய நரம்பொன்றின் நுனியில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. எட்டாம் வாரத்தில் அது நகக்கண் அளவு இலையாயிற்று. அந்தத் தட்டை நாள்தோறும் காலையில் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து அம்மாவுக்குக் காட்டுவேன். இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களிலும் அவர் கேட்ட முதற்கேள்வி அதைப் பற்றியதாகவே இருந்தது.

அவ்வோர் இலையிலிருந்து நான்கு செடிகள் வந்தன. ஒன்று என் அலட்சியத்தால் போயிற்று. மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனேன். மருத்துவர் அனுமதித்தபின், ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அம்மா கையுறையும் முகக்கவசமும் அணிந்து பால்கனிக்கு வந்தார். நான் தண்ணீர் ஊற்றி முடித்த தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றை மட்டும் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு இன்னைக்கு ஊத்தியிருக்க வேண்டாம்" என்றார்.

மூன்றில் ஒன்றை அடுத்த கட்டிலில் இருந்த அம்மையாருக்குக் கொடுப்பதாக, வார்டில் இருந்தபோதே அவர் வாக்களித்திருந்தார். அவ்வம்மையாருக்குச் சிகிச்சை இன்னும் முடியவில்லை. செடியைப் பெற்றுக்கொள்ள அவருடைய மருத்துவர் இன்னும் அனுமதிக்கவில்லை. அதுவரை அத்தொட்டி எங்கள் பால்கனியில் அவர் பெயர் எழுதிய சீட்டோடு இருக்கிறது. இன்று காலை நிலவரப்படி ஐந்து இலைகள். கனமாக இருந்தது, ஊற்றவில்லை.